ஆறு கிலோமீட்டர்

காரைப் பாலத்தருகே விட்டோம்,
யாரோ வலை உலர்த்தியிருந்த கம்பிவேலியை ஒட்டி.
பாலிக் புலாவ், செவ்வாய்க்கிழமை,
காலை ஏழு இருபது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த நேரத்தில்
திரைச்சீலையை இழுத்துவிட்டு, கைப்பேசியைக் கவிழ்த்துவிட்டு
அவள் வீட்டில் அவளும் என் வீட்டில் நானும்
படுக்கப் போயிருப்போம்.
பாயான் லெப்பாஸில் கம்பெனி கதவடைத்து ஐந்து வாரம்.
இவ்வளவு பகலையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

குணவதிதான் சொன்னாள், நடக்கலாம் என்று.
கரையோடு போய்க் கழிமுகத்தில் திரும்பி,
மலையடித் தோட்டம், அப்புறம் வயல்,
விட்ட இடத்துக்கே வந்துவிடலாம்.
ஆறு கிலோமீட்டர் ஆறு, என்று
தன் பகடிக்குத் தானே சிரித்தாள்.

கால்களில் இன்னும் கம்பெனிச் சப்பாத்து, வெள்ளை.
உடம்பில் ஏறும் மின்சாரத்தை இறக்கிவிடும் என்பார்கள்.
கரைச்சேறு அதை
பத்தே நிமிடத்தில் வேறு சப்பாத்தாக்கிவிட்டது.

காலண்டரில் பங்குனி.
இளவேனிலுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறதாம்.
அதை அச்சடித்த ஊரில் இருக்கலாம்.
இங்கே அங்சானா மரம்
நேற்றிரவே மஞ்சளைக் கொட்டித் தீர்த்து
ஒன்றும் தெரியாததுபோல் நிற்கிறது.
பழைய டாக்சி ஒன்று கண்ணாடியெல்லாம் பூவோடு
வைப்பர் போட்டபடி போனது.

கடலைப் பார்க்க நடந்தோம்.
கடலோ எங்களைப் பார்க்க வந்துகொண்டிருந்தது.
ஏற்றம். ஆறு பின்பக்கமாக ஓடியது,
ஒரு மைலோ டின், ஒரு நீப்பா மட்டை,
ஒற்றை ரப்பர்ச் செருப்பு
எல்லாம் எதிரே வந்து எங்களைக் கடந்தன.
உடும்பொன்று நாக்கை நீட்டி நீட்டிக்
கரையேறி எங்களை எண்ணியது.
‘சூப்பர்வைசர்’ என்றாள். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கழிமுகத்தில் பசியாறினோம்.
நாசி லெமாக் பொட்டலத்து ரப்பர் வளையத்தை
வாயைத் திறந்துவிட்ட என் இடது சப்பாத்துக்கு மாட்டினேன்.
பிளாஸ்கில் தேநீர் ஆறவேயில்லை,
நாங்கள்தான் ஊதி ஊதி
நேரத்தை நீட்டிக்கொண்டிருந்தோம்.

தோட்டத்தில் டுரியான் மரங்களின் கீழ்
தரையே தெரியவில்லை.
வெளிர்மஞ்சள் இழைகள், சவரம் செய்த தாடிபோல்,
இன்னும் ஈரம், இன்னும் கொஞ்சம் பால் நெடி.
மோட்டாரில் வந்த சீனர் வேகத்தைக் குறைத்து
மலாயில் சொன்னார்:
மிதியுங்கள், பரவாயில்லை.
ராத்திரி மலரும், வௌவால் வரும்,
விடிந்தால் இது குப்பை.

அவர் போன பிறகும்
குணவதி குந்தியே இருந்தாள்.
கைநிறைய அள்ளினாள், போட்டாள், மறுபடி அள்ளினாள்.
பிறகு மரத்தைப் பார்த்துச் சொன்னாள்:
‘திங்கட்கிழமையிலிருந்து எனக்கு வேலை.
பத்து காவானில். பாலம் தாண்ட பஸ் விடுறாங்க.’
‘பகலா?’
‘நைட்டுதான்.’

நல்லது என்றேன்.
எவ்வளவு தருகிறார்கள் என்றேன்.
என்னைப்பற்றிக் கேட்டாயா என்று கேட்கவில்லை.
வயல் வரப்பில் அவள் முன்னால், நான் பின்னால்.
அறுத்த தாளுக்குள் கொக்குகள்
ஒவ்வொரு காலாக யோசித்து வைத்தன.
வாய்க்கால் மதகருகே திரும்பாமலே சொன்னாள்:
‘உன் பேரையும் கொடுத்தேன். வயசு கேட்டாங்க.’

என் ரப்பர் வளையம் அறுந்தது அங்கேதான்.
மீதி வழியெல்லாம் சப்பாத்து
டப், டப் என்று பேசிக்கொண்டு வந்தது,
நல்லவேளை.

பாலத்தடியில் இப்போது தண்ணீர் நின்றிருந்தது.
போவதுமில்லை, வருவதுமில்லை.
அந்த மைலோ டின் ஒரே இடத்தில் சுழன்றது.
காரின் கதவைச் சாத்தியதும்
இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம்
குணவதியை வந்து எடுத்துக்கொண்டது.
வாய் லேசாகத் திறந்து, தலை கண்ணாடியில் சாய்ந்து,
காதோரத்தில் இரண்டு மூன்று பூவிழை.

சாவியைச் செருகினேன்,
திருப்பவில்லை.
வெயில் அவள் முகத்துக்கு வரும் பக்கமாக
என் துப்பட்டாவை
ஜன்னலில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன்,
டின் எந்தப் பக்கம் நகரும் என்று
பார்த்தபடி.